கத்திக்கு எந்தக் குறடு

மார்ச் 4

அண்ணா,

உன் முகவரியை லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை.

என் வீட்டுக்காரருடைய இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு டம்ளரைக்கூட அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. நீ அந்தக் கையை இரும்பு அடிக்கும் அடைகல் மேல் இழுத்துப் போட்டு, முழங்காலால் அமுக்கி, அப்பாவின் பெரிய சம்மட்டியை ஓங்கியபோது நான் வாயெல்லாம் ரத்தமாக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அடித்து முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் அடித்ததில் என் பல் போனது உண்மை. அது முதல் தடவை இல்லை என்பதும் உண்மை. ஆனால் உன்னை யார் கூப்பிட்டது? நீ பாட்டுக்கு வந்தாய், நொறுக்கினாய், போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டாய். இங்கே இருப்பது நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கசாப்புக் கடைக்காரர் கொடுத்த வேலை அப்படியே கிடக்கிறது. எலும்பு வெட்டும் கத்தி, தோல் உரிக்கும் கத்தி என்று ஒரு சாக்கு நிறைய. முடித்துக் கொடுக்காவிட்டால் அப்பாவின் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அவர் வலது கையால் சுத்தியல் அடிக்கிறார். இரும்பைப் பிடிக்க ஆள் இல்லை, அதனால் நான் பிடிக்கிறேன்.

துருத்தி ஊதி வளர்ந்தவள்தான், ஆனால் குறட்டை என் கையில் யாரும் கொடுத்ததில்லை. சுவரில் தொங்குகிற குறடுகள் கடப்பாரைக்கும் கேட் கம்பிக்கும் ஆனவை, எல்லாம் அகல வாய். கத்தித் தகடு அதில் கிடந்து ஆடுகிறது. நேற்று ஒரு அடியில் சிவந்த தகடு துள்ளி, என் முன்கையை உரசிக்கொண்டு போய்க் கதவில் குத்தி நின்றது. கதவு புகைந்தது. அவர் சிரித்தார்.

நீ குறடு செய்தே வயிறு வளர்க்கிறவன். கத்திக்கு எந்தக் குறடு? அதை மட்டும் எழுது. மன்னிப்பெல்லாம் கேட்காதே.

உன் தங்கை


மார்ச் 13

அடி வாயாடி,

மன்னிப்பா? யார் கேட்கப் போகிறார்கள்? அந்த விரல்கள் நொறுங்கிய சத்தம் படுத்தால் காதில் கேட்கிறது. கேட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. உன் வீட்டுக்காரனிடம் சொல், சோற்றுக்கையை விட்டுவைத்திருக்கிறேன் என்று. அதற்காகவே அவன் தினமும் இந்தத் திசை பார்த்து எனக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கும்பிடு போட இரண்டு கை வேண்டும், அது அவன் பாடு.

இங்கே துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கருவிக் கடையில் வேலை. மாடியில் அறை. கட்டில் ஒன்றுதான், நீ படுத்துக்கொள், நான் தரையில் சுருண்டுகொள்வேன். உடுத்திய துணியோடு கிளம்பி வா.

வரமாட்டாய், தெரியும். பிடித்தால் பிடித்ததுதான் உனக்கு. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

முதலில் வாயைப் பார். கத்தித் தகடு பட்டையானது, அதனால் பட்டை வாய் வேண்டும். ஆனால் வெறும் பட்டை வாய் போதாது, அடி விழும்போது தகடு பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். கீழ்வாயின் இரண்டு ஓரத்திலும் உதடு மாதிரி மேலே மடித்துவிட்ட குறடு ஒன்று உண்டு, பெட்டி வாய் என்போம். தகடு அதற்குள் உட்கார்ந்துவிட்டால் அசையாது. அப்பாவுடையது ஒன்று ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கும், தூசி தட்டி எடு.

தகட்டைக் கவ்விப் பார். வாய் முழுக்க இரும்பைத் தொட வேண்டும். நுனி மட்டும் கடித்தால் தகடு ஆடும், உள்பக்கம் மட்டும் கடித்தால் நழுவும். கவ்வியிருக்கும்போது கைப்பிடிகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் விரிந்தால் கை சோர்ந்துவிடும், ஒட்டிக்கொண்டால் பிடியே இல்லை என்று அர்த்தம். சரியாக இல்லாவிட்டால் வாயைச் சிவக்கக் காய்ச்சி, அதே கனத்தில் ஆறிய தகடு ஒன்றைக் கவ்வ வைத்து, மேலே தட்டு. வாய் தானாகப் படிந்துகொள்ளும். படிந்ததும் தானாக ஆற விடு.

இன்னொன்று. பல்லை உடைத்தவனை அவர், இவர் என்று எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. மறுபடி உன்னைத் தொட்டால் ஒரு வரி எழுது. கேஸாவது மண்ணாவது, வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டுப் போகிறேன்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

உன் புத்தியை எங்கே போய்ச் சொல்ல. சோற்றுக்கையை விட்டுவைத்தாயாம். அவர் என்னை எந்தக் கையால் அடித்தார் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? அந்தக் கையால்தான். அடிக்கிற கையை விட்டுவிட்டுப் பிடிக்கிற கையை உடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். முன்பெல்லாம் குறடு பிடித்திருக்கும் நேரத்திலாவது அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். இப்போது அவருக்கு மிச்சம் இருப்பது அடிக்கிற கை ஒன்றுதான். பகல் முழுக்க அந்தக் கைக்கு எதிரில், அதில் சுத்தியலும் இருக்கும்போது, நான் நிற்கிறேன்.

நீ சொன்ன பெட்டி வாய்க் குறட்டைக் கண்டுபிடித்தேன். காய்ச்சிப் படிய வைத்தேன். தகடு இப்போது ஆடவில்லை. கத்தியின் வாலை, மரப்பிடிக்குள் செருகுகிற முனையை, அடிக்கும்போதுதான் பிடி நழுவுகிறது, அது ஒல்லியாக இருப்பதால்.

ஆனால் குறை குறட்டில் மட்டும் இல்லை. நாலு அடி தகட்டில் விழுகிறது, ஐந்தாவது குறட்டின் மேல் விழுகிறது, தெரியாமல் பட்டுவிட்ட மாதிரி. அதிர்ச்சி தோள் வரைக்கும் ஏறுகிறது. நேற்று கைப்பிடி எகிறி என் கட்டைவிரல் நகத்துக்குள் ரத்தம் கட்டிவிட்டது. "கை தவறிடுச்சு" என்றார். முகத்தைப் பார்த்தேன், கை தவறியவரின் முகம் இல்லை அது. பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ கடைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"உங்க அண்ணன் அவசரக்காரன். நான் அவசரப்படமாட்டேன்."

வா என்கிறாய். நான் ஏன் வர வேண்டும்? இந்த உலைக்குப் பக்கத்தில்தான் நடக்கப் பழகினேன். அப்பா போன பிறகு உனக்குக் குறடு மட்டும் போதும் என்று நீ கிளம்பினாய், கரியும் சாம்பலும் எனக்கு என்று நான் இருந்துகொண்டேன். அவர் இங்கே வந்தவர். வந்தவர் உட்கார்ந்திருக்க, பிறந்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா? மாட்டேன்.

அவர், இவர் என்று எழுதுவதைக் கேட்டாய். அவன் என்று ஆரம்பித்தால் கடிதம் முடியாது, வேறு ஏதாவது முடிந்துபோகும்.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலாளியின் மேஜையை உடைத்துவிட்டேன். புது மேஜை நானே செய்து தர வேண்டுமாம். செய்கிறேன். நீ சொன்னது சரி, நான் ஒரு முண்டம். கோபத்தில் பக்கத்தில் கிடந்த கையைப் பிடித்து இழுத்தேன். எந்தக் கை என்று பார்க்கவில்லை.

லாரிக்காரரிடம் ஒரு குறடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உனக்கென்றே அடித்தது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்தேன், சாதா இரும்பைவிட மெல்லிசாக அடிக்கலாம், அதனால் எடை குறைவு, உன் மணிக்கட்டு தாங்கும். முன்வாய் பெட்டி, பின்வாயில் ஒரு பள்ளம், கத்தியின் வால் அதில் உட்காரும். கைப்பிடியில் ஒரு வளையம் இருக்கும். கவ்விய பிறகு அதை முன்னால் தள்ளினால் குறடு பூட்டிக்கொள்ளும், நீ அழுத்திப் பிடித்திருக்க வேண்டாம். கைப்பிடியை வேண்டுமென்றே நீளமாக விட்டிருக்கிறேன். அந்த நாயின் சுத்தியல் உன் விரலுக்கு எட்டக் கூடாது. நேராக நிற்காதே, அடைகல்லுக்குப் பக்கவாட்டில் நில்.

ஒரு எச்சரிக்கை. இந்த இரும்பு குணம் கெட்டது. சிவந்த வாயைத் தண்ணீரில் முக்கிவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடி விழுந்தால் படக்கென்று உடையும். சூடானால் காற்றில் ஆற விடு. தினமும் வேலை தொடங்கும் முன் வளையத்தைப் பூட்டி, வாயை அடைகல்லில் லேசாகத் தட்டிப் பார். மந்தமாக டக்கென்றால் நல்லது. மணி மாதிரி ஒலித்தால் அதைத் தொடாதே.

கடைசியாக இதைக் கேள். நம் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன் என்றைக்காவது வாயைத் திறந்து பார்த்திருக்கிறாயா? குறடு யார் கையிலோ அவர்தான் பட்டறைக்குத் தலை. சின்னச் சுத்தியலால் அவர் தொட்டுக் காட்டிய இடத்தில் மற்றவன் அடிக்க வேண்டும். இப்போது குறடு உன் கையில். இடத்தைக் காட்டு. வேறு இடத்தில் அடித்தால் இரும்பைத் திரும்ப உலையில் போட்டுவிட்டுச் சும்மா நில். இரும்பு இல்லாத கல்லில் எவ்வளவு நேரம் அடிப்பான்?

நானும் ஒரு நாள் சொல்லாமல் வந்து நிற்பேன். அன்றைக்குச் சரியான கையாகப் பார்த்துப் பிடிப்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

நீ வராதே. இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

குறடு வந்தது. கையில் எடுத்ததும் சிரித்துவிட்டேன், அவ்வளவு லேசு. வாலைக் கவ்வினால் வளர்ந்தே வந்த மாதிரி நிற்கிறது. முதல் நாளே வலது கையில் சின்னச் சுத்தியலை எடுத்து, தகட்டில் தொட்டுக் காட்டி, "இங்க" என்றேன். அவர் வேறு இடத்தில் அடித்தார். இரும்பை எடுத்து உலையில் போட்டுவிட்டு நின்றேன். மறுபடி எடுத்து, "இங்க." மறுபடி வேறு இடம், மறுபடி உலை. அவர் சுத்தியலை வீசித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பெயர்த்தார். நான் துருத்தியை ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கசாப்புக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். அவர் முன்னால் இவர் நான் காட்டிய இடத்தில் அடிக்க வேண்டியதாயிற்று. கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப இங்க யாரும்மா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை இவர் காத்திருந்தார். அப்புறம் என் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து முகத்தை உலைப் பக்கம் கொண்டுபோனார். இடது புருவம் பொசுங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் போய்விடும் என்று மூடிக்கொண்டேன். குறடு என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் எதையும் நினைக்கவில்லை, கை அதுவாகப் பின்னால் போனது, வாய் எதையோ கவ்வியது. அவர் காது. கத்திக்கொண்டு விட்டுவிட்டார். காதோரம் கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம். கழுவிவிட்டு இரண்டு பேரும் மிச்ச வேலையைச் செய்தோம். அன்றைக்குத்தான் அண்ணா, எனக்கு அவரைவிட என்னைப் பார்த்துப் பயம் வந்தது.

இன்று காலை குறட்டை எடுத்தால் வாய் ஈரமாக இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. உலையில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. நான் அப்போதுதான் எழுந்து வந்திருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து, காதில் கட்டோடு, வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இன்றைக்கு அப்பாவின் குறட்டை எடுத்துக்கொண்டேன்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சி,

அந்தக் குறட்டைத் தொடாதே.

அவன் அதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியிருக்கிறான். வேறு ஒன்றும் இல்லை. அவன் கால் பாதத்தில் ஒரு தழும்பு இருக்குமே, நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு முன்னால் அவன் பிடித்திருந்த குறடு இப்படித்தான் வாய் உடைந்து, சிவந்த இரும்பு அவன் காலிலேயே விழுந்தது. பிடிக்கிறவன் காலில்தான் விழும் என்று அவனுக்குத் தெரியும். உனக்கும் அப்படி விழட்டும் என்று செய்திருக்கிறான். கேட்டால் உங்க அண்ணன் செஞ்ச லட்சணம் என்பான்.

தட்டிப் பார். மணி மாதிரி ஒலித்தால் கிணற்றில் போடு. போட்டுவிட்டு எனக்கு எழுது. இன்னொன்று அடித்துத் தருகிறேன், நூறு அடித்துத் தருகிறேன். அப்பாவின் குறட்டை வைத்து ஓட்டு. முதலாளி விட்டதும் கிளம்பி வருகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 30

தங்கச்சி,

லாரிக்காரர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார். பட்டறையில் குறடு உடைந்ததாம், ஒருவரை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்களாம், தெருவெல்லாம் ரத்தமாம். யார் என்று கேட்டால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் நீ என்றே நினைத்தேன். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு இன்னொரு ஆளைப் பிடித்துக் கேட்டதில் அடிபட்டது அவனுக்குத்தான் என்றார்கள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஏனோ படவில்லை. அது நான் செய்த குறடு. அதில் உன் பெயரின் முதல் எழுத்தைக்கூடக் கொத்தியிருந்தேன், கவனித்தாயோ என்னவோ. நான் கோபத்தில் அடிப்பவன், அடித்த கணமே எல்லாம் தீர்ந்துவிடும் எனக்கு. இது வேறு மாதிரி இருக்கிறது. சாப்பிட முடியவில்லை.

ஒன்றே ஒன்று சொல். என் கடிதம் தாமதமாகத்தானே வந்தது? எல்லாம் முடிந்த பிறகுதானே கைக்குக் கிடைத்தது? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


மே 9

அண்ணா,

அவர் பிழைத்துக்கொண்டார். நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார், "உங்க அண்ணன் ஆசையா அனுப்பினதை ஏன் எடுக்கமாட்டேங்கிற" என்று. என்ன அக்கறை. அன்றைக்குக் காலையில் எடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண நாளில்கூட அப்படி இல்லை. எலும்பு வெட்டும் கத்தி ஒன்று கிட்டத்தட்ட முடிந்த நிலையில் இருந்தது, நுனியும் விளிம்பும் மெல்லிசாக அடித்து இறக்கியாகிவிட்டது. சிவக்கக் காய்ச்சிக் கவ்வினேன், வளையத்தைப் பூட்டினேன், நீ சொன்ன மாதிரி பக்கவாட்டில் நின்றேன். சின்னச் சுத்தியலால் குறட்டு வாயை ஒட்டித் தொட்டுக் காட்டி, "இங்க" என்றேன். முதல் தடவையாகக் கொஞ்சமும் பிசகாமல் நான் காட்டிய இடத்தில் அடித்தார். முழுப் பலத்தையும் போட்டு அடித்தார்.

வாய் படக்கென்று போனது. குட்டைக் கைப்பிடியாக இருந்தால் கத்தி என் காலில்தான் விழுந்திருக்கும். அவர் பழைய கைப்பிடி நீளத்தையே மனதில் வைத்திருந்தார் போல. நான் தள்ளி நின்றேன். கத்தி கல்லிலிருந்து எகிறியது, அவர் கை இன்னும் அதன் மேல்தான் இருந்தது. முழங்கைக்குக் கீழே பாய்ந்து, அறுத்துக்கொண்டே மணிக்கட்டுப் பக்கம் வந்து நின்றது. அந்த நாற்றம் இன்னும் பட்டறையை விட்டுப் போகவில்லை. ஓடினார், தெருவில் விழுந்தார். நான்தான் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன், நான்தான் வண்டி பிடித்தேன்.

நரம்பு அறுந்துவிட்டதாம். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைகிறது, மற்றவை மூடாது. நீ பிடிக்கிற கையை எடுத்தாய். அடிக்கிற கையும் இப்போது போய்விட்டது. சாப்பாட்டை நான்தான் ஊட்டுகிறேன். வாயைத் திற என்றால் திறக்கிறார், மூடு என்றால் மூடுகிறார். என் கண்ணைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் மேல் கொடுத்த புகாரை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட முடியாதே, அந்தக் கட்டைவிரலை நானே பிடித்து மையில் அழுத்தினேன். இனி நீ ஓடி ஒளிய வேண்டாம். வருவதானால் சம்மட்டியோடு வராதே, சாப்பிட வா. சுத்தியலுக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறேன், அதிகம் பேசாத ஆள். நான் காட்டிய இடத்தில் அடிக்கிறார். கசாப்புக் கடைக்காரரின் சாக்கு பாதி முடிந்துவிட்டது.

என் எழுத்தைக் கொத்தியிருந்ததைப் பார்த்தேன். உடைந்த துண்டில் அது முழுசாக இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. உன் கடிதம் தாமதமாக வரவில்லை, அண்ணா. முந்தின நாளே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். காலையில் வளையத்தைப் பூட்டி அடைகல்லில் தட்டியும் பார்த்தேன். மணி மாதிரிதான் ஒலித்தது. அப்பாவின் குறடு பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு இன்னொரு குறடு அடித்துக் கொடு. வாய் அதே அளவு இருக்கட்டும். கைப்பிடி அவ்வளவு நீளம் வேண்டாம்.

உன் தங்கை